பிள்ளையின் நிறையும் ஓமோனும்: தராசுக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

பிள்ளை குண்டாகிக்கொண்டு போனால் வீட்டில் முதலில் வரும் சந்தேகம் தைரொய்ட். இரத்தம் கொடுத்து, டி.எஸ்.எச். (தைரொய்ட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்) கொஞ்சம் கூட என்று துண்டு வந்தால், காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள். பிறகு குளிசையை நம்பி ஒரு வருடம் போய்விடும். நிறை மட்டும் இறங்காது.

நிறை கூடிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஓமோன் நோய் எதுவும் கிடையாது. அவர்களுடைய ஓமோன்கள் மாறியிருப்பது உண்மைதான், ஆனால் அவற்றை மாற்றியதே கூடிய நிறை. நோயால் குண்டாகிறவர்கள் ஒரு சிலர். அவர்களைப் பிரித்தறிய வீட்டுச் சுவரும் ஒரு ரேப்பும் போதும். ஓமோன் கோளாறால் குண்டாகும் பிள்ளையின் உயரம் நின்றுவிடும் அல்லது மிக மெதுவாகும். சாப்பாட்டாலும் ஓடியாடாமல் இருப்பதாலும் குண்டாகும் பிள்ளையோ வயதுக்கு மிஞ்சி வளரும், வகுப்பில் பின்வரிசையில் நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் போகிறது.

முதலாம் படி: சரியாக அளப்பது

அடியில் விளிம்பு துருத்தாத நேரான சுவரையும் சமதரையையும் தேர்ந்தெடுங்கள். தையல் ரேப் இழுபடும், அதனால் மேசன்மார் பாவிக்கும் இரும்பு ரேப்பை எடுங்கள். செருப்பைக் கழற்றி, கொண்டையையும் பின்னலையும் அவிழ்த்துவிட்டு, குதிக்கால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். குண்டான பிள்ளைக்குப் பின்தலை சுவரில் படாமல் போகலாம், அதை வற்புறுத்த வேண்டாம். கண்ணும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாடியைத் தூக்கினாலே அளவு பிழைக்கும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, தலையை அழுத்தி இறக்கிப் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். பின்னேரத்தில் முள்ளந்தண்டு அமுங்கி ஒரு சென்ரிமீற்றர் வரை குறைந்து காட்டும்.

உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். மாதாமாதம் அளந்தால் கை பிழைக்கும் அளவுதான் வளர்ச்சி மாதிரித் தெரியும். நிறையை மாதம் ஒரு தடவை, காலையில், கக்கூசுக்குப் போய்வந்த பிறகு, சாப்பிட முன், மெல்லிய உடுப்போடு நிறுங்கள். தராசைப் பாயிலோ கம்பளத்திலோ வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். கிழமைக்குக் கிழமை நிறுத்துப் பார்ப்பதும், விருந்தாளிக்கு முன்னால் "இவள் இப்ப 48" என்று சொல்வதும் வேண்டாம். அது பிள்ளையை ஒளித்துச் சாப்பிடப் பழக்கும்.

இடுப்பளவையும் ஒருமுறை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ரேப்பைச் சுற்றி, பிள்ளை சாதாரணமாக மூச்சை விட்டதும் பாருங்கள். அது உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும். எங்கள் தெற்காசிய உடம்பு கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கும் உடம்பு. ஆகவே கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்த பிள்ளையை "மெலிவுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: எண்களை வாசிப்பது

கிலோவை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால், நிறை உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. வரும். 138 செ.மீ. உயரமும் 42 கிலோவும் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு அது 22. பெரியவர்களுக்கு 22 நல்ல எண். பிள்ளைக்கு அப்படியில்லை, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரைக்கான அட்டவணையில், பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு நடு அளவு 16.6. அது 19.0ஐத் தாண்டினால் அதிக நிறை, 22.6ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆண்பிள்ளைக்கு அந்த எல்லைகள் 18.5உம் 21.4உம். ஆகவே அதே 22 பெண்பிள்ளையில் அதிக நிறை, ஆண்பிள்ளையில் உடற்பருமன்.

இப்போது உயரத்துக்கு வருவோம். பிறந்த முதல் வருடம் ஏறக்குறைய 25 செ.மீ. வளரும். நாலைந்து வயதிலிருந்து பருவமடையும் வரை வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. பருவ வேகத்தில் பெண்பிள்ளை உச்சமாக 8 அளவிலும் ஆண்பிள்ளை 9, 10 அளவிலும் வளர்வார்கள். பருவத்துக்கு முந்திய பிள்ளை வருடத்துக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால், நிறை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். வேகத்தைக் கணக்கிட ஆறு மாத இடைவெளியாவது தேவை.

பெற்றோரின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தகப்பன் தாய் இருவரின் உயரத்தையும் கூட்டி, ஆண்பிள்ளை என்றால் 13ஐச் சேர்த்து, பெண்பிள்ளை என்றால் 13ஐக் கழித்து, இரண்டால் வகுங்கள். தகப்பன் 168, தாய் 155 என்றால் மகளுக்கு 155, மகனுக்கு 168 அளவில் வரும். இருவரும் கட்டையாக இருக்கும் வீட்டில் கட்டையான பிள்ளை நோயாளி இல்லை.

பழைய கிளினிக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். மிட்வைஃப் நிறுத்துப் போட்ட புள்ளிகள்தான் நிறை எப்போது ஏறத் தொடங்கியது என்பதற்கு ஒரே சாட்சி. இரண்டாம் வகுப்பில் படிப்படியாக ஏறியதா, ஏதோ ஒரு மருந்து தொடங்கிய மாதத்திலிருந்து செங்குத்தாக ஏறியதா என்பதில் முழு விடையே இருக்கலாம்.

மூன்றாம் படி: கொழுப்பு என்ன செய்கிறது

கொழுப்பை நாங்கள் வெறும் சேமிப்பு மூட்டை என்று நினைக்கிறோம். 1994இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டதோடு அந்த எண்ணம் மாறியது. கொழுப்புக் கலங்கள் லெப்டினைச் சுரந்து, "சேமிப்பு போதும், பசியைக் குறை" என்று மூளைக்குச் சொல்கின்றன. குண்டான பிள்ளையின் இரத்தத்தில் லெப்டின் நிறையவே இருக்கும். மூளை அந்தச் சத்தத்துக்குப் பழகி, கேளாமல் இருந்துவிடுகிறது. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் பசியைத் தூண்டும், நித்திரை குறைந்தால் அது கூடும். இரவு பன்னிரண்டு மணிவரை போனோடு இருக்கும் பிள்ளை அடுத்தநாள் பசி பசி என்று திரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும்.

ஆனால் அதிகம் பார்க்கவேண்டியது இன்சுலின்தான்.

கழுத்தின் பின்புறத்திலும் கக்கத்திலும் கறுத்து, வெல்வெட் மாதிரித் தடித்த தோல் தெரிகிறதா? பல அம்மாமார் அதை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். பிள்ளைக்குப் புண்படுவதுதான் மிச்சம். வயிற்றுக் கொழுப்பு கூடும்போது உடம்பு இன்சுலினுக்கு மசிவதில்லை. கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது, அந்த மிகுதி இன்சுலின் தோல் கலங்களைப் பெருக வைக்கிறது. நிறை குறைந்தால் கறுப்பும் மெல்ல மங்கும். கிரீம் பூசி மாறாது.

இந்தக் கறுப்பு இருந்தாலோ, தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்தாலோ, தாய்க்குக் கர்ப்பத்தில் சீனி இருந்திருந்தாலோ, வெறும் வயிற்றுச் சீனியும், கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை எல்லைக்கோடு, 126உம் அதற்கு மேலும் நீரிழிவு. எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5இலிருந்து நீரிழிவு. அறிகுறி இல்லாத பிள்ளையில் ஒரு அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் திரும்பவும் செய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாவோ உள்ள பிள்ளைக்கு எச்.பி.ஏ.1.சி. பிழையான எண்ணைக் காட்டலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். இரத்தத்தில் இன்சுலின் அளவை அளக்கும் பரிசோதனைக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. அது சிகிச்சையை மாற்றாது. ஈரலில் கொழுப்புப் படிந்ததா என்று பார்க்க ஏ.எல்.ரி. என்ற இரத்தப் பரிசோதனையும், கொலஸ்ட்ரோலும் பார்ப்பது பிரயோசனமானது.

நான்காம் படி: தைரொய்ட் துண்டை எப்படி வாசிப்பது

குண்டான பிள்ளைகள் பலருக்கு டி.எஸ்.எச். 5 முதல் 10 வரை நிற்கும், தைரொய்ட் சுரக்கும் ஓமோனான ஃப்ரீ ரி4 சரியாக இருக்கும். நிறை கூடியதால் டி.எஸ்.எச். உயர்கிறது, நிறை இறங்கும்போது அதுவும் இறங்கும். தைரொக்சின் என்ற தைரொய்ட் குளிசையைக் கொடுத்து அந்த எண்ணைக் கீழே கொண்டுவரலாம், நிறையைக் கொண்டுவர முடியாது. உண்மையான தைரொய்ட் குறைவில் பிள்ளை வளராது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வரண்ட தோல், மந்தம், சிலவேளை தொண்டையில் வீக்கம் இருக்கும். அதில் கூடும் நிறையும் சில கிலோதான், பெரும்பங்கு நீர். இருபது கிலோ கூடியதற்குத் தைரொய்டைக் குற்றம் சொல்ல இயலாது.

வைத்தியர் உண்மையாகவே தைரொக்சின் எழுதினால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி கூட. இரும்புக் குளிசையும் கல்சியமும் நாலு மணித்தியாலம் தள்ளி. குளிசை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டறிய வேண்டும். பிழை அநேகமாக இங்கேதான்.

ஐந்தாம் படி: ஸ்டெரொய்ட்டைத் தேடுவது

முகம் உருண்டு சிவந்து, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, உயரம் நின்றுவிட்டால், உடம்பின் சொந்த ஸ்டெரொய்ட்டான கோர்ட்டிசோலின் மிகுதியை நினைக்க வேண்டும். உடம்பே அதிகமாகச் சுரப்பது மிக அரிது. வெளியிலிருந்து போவதுதான் வழமை. இழுப்புக்கு, தோல் கடிக்கு, சிறுநீரக வருத்தத்துக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன், பீற்றாமெத்தசோன் சிரப்புகள், மாதக்கணக்கில் பூசிய கடும் களிம்புகள், பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் "பசிக்கும் சதைக்கும்" தூள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பயந்து நீங்களாகவே சடுதியாக நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் ஸ்டெரொய்ட் எடுத்த பிள்ளையில், கோர்ட்டிசோலைச் சுரக்கும் அதிரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தியும் மயக்கமுமாக உயிராபத்தில் முடியலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இழுப்புக்கான பம்ப் வேறு, வாயால் குடிக்கும் மருந்து வேறு. பம்ப்பைக் குண்டாக்கும் என்று நிறுத்துவது பெரிய பிழை.

ஐந்து வயதுக்கு முன்பே மிதமிஞ்சிக் குண்டாகி, எவ்வளவு கொடுத்தாலும் பசி தீராத பிள்ளைக்கும், குழந்தையில் துவண்டுபோய்ப் பால் குடிக்கக் கஷ்டப்பட்டுப் பிறகு அடங்காப் பசி பிடித்த பிள்ளைக்கும், மரபணுக் காரணம் இருக்கலாம். இவர்களை வீட்டில் வைத்துப் பரீட்சிக்க வேண்டாம், நேரே சிறுவர் நிபுணரிடம் போங்கள். இவர்களில் சிலரின் உயரம் குறையாமலே இருக்கும், மேலே சொன்ன சுவர்க் கணக்கு இங்கே பிழைக்கும்.

ஆறாம் படி: பருவம்

பெண்பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினாலும், பதின்மூன்று முடிந்தும் தொடங்காவிட்டாலும், பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்ட வேண்டும். ஆண்பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன் விதைகள் பெருத்தாலும், பதினாலு முடிந்தும் பெருக்காவிட்டாலும் காட்ட வேண்டும். கொழுப்பு கூடிய பெண்பிள்ளை முந்திப் பெரியபிள்ளையாவது வழமை, ஏனென்றால் லெப்டின் மூளைக்கு "சேமிப்பு இருக்கிறது, தொடங்கலாம்" என்று அனுமதி கொடுக்கிறது. முந்தித் தொடங்கினால் எலும்பு நுனிகளும் முந்தி மூடும். எட்டில் உயரமாயிருந்த பிள்ளை பதினாறில் சராசரிக்குக் கீழே நிற்பது இதனால்தான். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தால், இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று மதிப்பிடலாம்.

பெரியபிள்ளையானதும் நடக்கும் சாப்பாட்டைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் மெலிந்த, சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு வந்த நல்ல வழக்கம். உளுந்தில் புரதம் உண்டு. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. காலையும் மாலையும் இரண்டு இரண்டு கரண்டி என்றால் 480, ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமம். அதோடு பள்ளிக்கூடமும் இல்லை, வெளியே நடையும் இல்லை, சாமத்திய வீட்டுப் பலகாரம் வேறு. ஏற்கெனவே அதிக நிறையில் உள்ள பிள்ளைக்குக் களியைக் கொடுங்கள், எண்ணெயை நாளுக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள், முட்டையை அவித்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், சத்தும் கூடுவதில்லை. மாதவிடாய் தொடங்கிய பிறகு மிச்சமிருக்கும் உயரம் சராசரியாக 5 முதல் 7 செ.மீ.தான். அந்த நேரத்தில் ஏறும் கிலோக்கள் உயரத்தில் கரையாது.

மாதவிடாய் ஒழுங்கின்மை முதல் வருடத்தில் இயல்பு. ஒன்று முதல் மூன்று வருடத்தில் 21 நாளுக்குள் வந்தாலோ 45 நாளைத் தாண்டினாலோ, மூன்று வருடத்தின் பின் 35 நாளைத் தாண்டினாலோ, முதல் வருடம் கழிந்தபின் எப்போதாவது 90 நாள் வராமல் விட்டாலோ பி.சி.ஓ.எஸ். என்ற சூலக ஓமோன் கோளாறு பற்றி யோசிக்க வேண்டும். முகத்தில் கடும் முடி, அடங்காத பருக்கள் சேர்ந்தால் சந்தேகம் கூடும். மிகுதி இன்சுலின் சூலகத்தை ஆண் ஓமோன் சுரக்கத் தூண்டுவதுதான் இதன் உள்வேலை. ஸ்கானில் "நீர்க்கட்டி" என்று எழுதிவந்தால் பதறாதீர்கள். மாதவிடாய் தொடங்கி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கானை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வயதில் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் தெரியும்.

ஆண்பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். சட்டையைக் கழற்றமாட்டேன் என்கிற, கடலில் குளிக்க மறுக்கிற பையனுக்கு மார்பு பெருத்திருக்கலாம். வெறும் கொழுப்பு என்றால் மிருதுவாக இருக்கும். முலைக்காம்பின் கீழே கட்டியாகப் பட்டால் அது மார்புத் திசு. கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் நொதியம் ஆண் ஓமோனை ஈஸ்ட்ரஜனாக்குவதும் இதற்குத் துணைபோகும். பருவத்தில் வரும் இது பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் வற்றிவிடும். ஆணுறுப்பு சிறிதாக இருக்கிறது என்ற பயமும் அநேகமாகக் கொழுப்புக்குள் புதைந்த தோற்றம்தான். பகிடி பண்ணாமல் தகப்பன் தனியாகக் கதைக்க வேண்டிய விசயங்கள் இவை.

ஏழாம் படி: வீட்டில் செய்வது

வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். நிறையைப் பிடித்து நிறுத்தினாலே போதும், உயரம் மிச்சத்தைச் செய்யும். மேலே சொன்ன 138 செ.மீ. பிள்ளை ஒரு வருடத்தில் 144 ஆகும்போது அதே 42 கிலோவில் நின்றால் பி.எம்.ஐ. 22இலிருந்து 20.3ஆக இறங்கும். பருமன் மிகக் கூடிய வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தியரின் கண்காணிப்பில் நிறை குறைக்கலாம்.

முதலில் கை வைக்கவேண்டியது குடிப்பதில். மூன்று தேத்தண்ணிக்கு இரண்டு இரண்டு கரண்டி சீனி என்றால் 30 கிராம். 400 மி.லீ. சோடாப் போத்தலில் நூறுக்குப் பத்து என்றால் 40 கிராம். 1600 கலோரி போதுமான பிள்ளைக்கு ஒரு நாளின் உச்சமே 40, இருபதுக்குள் நின்றால் நல்லது. 2016இல் இலங்கையில் வந்த ஒழுங்கின்படி இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் போடுகிறார்கள், சிவப்பு என்றால் சீனி மிகக் கூட. சிவப்பு வட்டப் போத்தலை வீட்டுக்குள் எடுக்காமல் விடுவது, உள்ளே வைத்துக்கொண்டு பிள்ளையை அதட்டுவதை விட இலேசு. தேத்தண்ணிச் சீனியை இரண்டு கிழமைக்கு அரைக்கரண்டி வீதம் வீடு முழுக்கக் குறையுங்கள், நாக்குப் பழகும்.

பாணும் சம்பலும், பணிஸும், ரோல்ஸும் காலைக்கென்றால் பத்து மணிக்கே பசிக்கும். அதற்குப் பதில் அவித்த பயறு, கடலை, குரக்கன் பிட்டோடு முட்டை அல்லது மீன் கொடுங்கள். திருகோணமலையில் சூடை, கீரி, நெத்தலிக்குக் குறைவில்லை. பொரிப்பதை விடக் குழம்பாக, சொதியாக ஆக்கினால் எண்ணெய் மிச்சம். தட்டில் பாதியைக் கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும், கால் பங்கு மீன் பருப்பு, கால் பங்கு சோறு. கைப்பழக்கத்தில் சோற்றை முதலில் குவிப்பதுதான் பிழை. கறியை முதலில் போட்டு மிஞ்சிய இடத்தில் சோற்றைப் போடுங்கள்.

ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்குமளவு ஆட்டம் வேண்டும். பள்ளி விட்டதும் ஆறு மணிவரை டியூசனில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் எங்கே? இதற்குப் பெற்றோர்தான் ஒரு வகுப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், பெரியவர் துணையோடு நீந்தலாம். ஐப்பசிக்குப் பிறகு மழையும் அலையும். அப்போது திண்ணையில் கயிறு அடித்தலும் வீட்டு வேலையும். நடந்து பள்ளிக்குப் போவதும் கணக்கில் சேரும்.

எட்டாம் படி: மெலியும் பிள்ளை

நிறை குறைவதை "வளர்த்தி எடுக்கிறான்" என்று விட்டுவிடுவது குண்டைக் கவனிக்காததை விட ஆபத்து. நிறை இறங்குவதோடு அடிக்கடி சலம், தீராத தாகம், பாய் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்பவும் நனைப்பது, சலம் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பது தெரிந்தால் அன்றைக்கே விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். நாளைக்கு வெறும் வயிற்றில் என்று தள்ளக் கூடாது. இது முதலாம் வகை நீரிழிவாக இருக்கலாம், இன்சுலின் அற்றுப்போனதால் உடம்பு தன்னையே எரிக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, வாயில் பழம் மாதிரி வாடை வந்துவிட்டால் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இந்த வயிற்றுவலியை அஜீரணம் என்று நினைத்துக் கசாயம் கொடுத்துக் காத்திருந்து இழந்த நேரத்தைத் திரும்பப் பெற முடியாது. நோன்பு காலத்திலும், காய்ச்சலில் சாப்பிட முடியாத நாளிலும் இந்தப் பிள்ளைக்கு இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது பற்றி நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கதையுங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, படபடப்பு, கைநடுக்கம், வியர்வை என்றால் தைரொய்ட் மிகுதியாக இருக்கலாம். பெரியபிள்ளையாகி மாதாமாதம் வந்த மாதவிடாய், நிறை குறைந்ததும் நின்றால், லெப்டின் விழுந்ததால் மூளை பருவ ஓமோன்களை நிறுத்திவைத்திருக்கிறது. குண்டு என்று யாரோ சொன்ன சொல்லால் சாப்பாட்டைத் தள்ளும் பிள்ளையா என்று மெல்லக் கேளுங்கள்.

எங்கே, என்னத்தோடு போவது

முதலில் உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை அல்லது கிளினிக் மிட்வைஃப். பள்ளி வைத்தியப் பரிசோதனையில் நிறை, உயரம் பார்த்துக் கொடுத்த துண்டு இருந்தால் அதையும் எடுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலிருந்தோ நேரேயோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போகலாம். ஓமோன் நிபுணர் தேவை என்றால் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கிளினிக் கொப்பி, சுவரில் எடுத்த உயரங்களும் திகதிகளும், மாத நிறைகள், தாய் தகப்பன் உயரம், குடும்பத்தில் சீனி மற்றும் தைரொய்ட் விபரம், பிள்ளை பாவித்த எல்லா மருந்தும், மூன்று நாள் சாப்பிட்டதையும் குடித்ததையும் மறைக்காமல் எழுதிய ஒரு தாள், மாதவிடாய்த் திகதிகள். கடைசியாக, முகம் மாறியதா என்று ஒப்பிட ஒரு வருடத்துக்கு முந்திய பிள்ளையின் படம் ஒன்று.